வலைக்குள் கிடந்தவன்

"தப்பு என்னுதுன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் அம்மா. அப்புறம் நான் போறேன்."

மொத்தலிப் இதைச் சொன்னபோது பானு முற்றத்தில் தேங்கிய மழைத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு சொல்லணும்?"

"சுபல். சுபல் தாஸ். வேற யாரு?"

"எத்தனை நாளா சொல்லாம இருக்காரு?"

"முப்பத்தாறு வருஷமா."

பானு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "உக்காருங்க பாய்."

வங்கதேசத்துச் சாந்த்பூரில், மேக்னா ஆற்றங்கரையில் இருக்கிறது அந்தச் சின்ன தர்கா. முன்பு பானுவின் அப்பா பார்த்துக்கொண்டார். அவர் போனபிறகு அவள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஊரே அவளை அம்மா என்றது. அறுபத்துமூன்று வயது மொத்தலிப்பும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. மகன் மதிக்கவில்லை என்று அழுதுகொண்டு வந்த ஒருவரிடம் ஒரு கூடை பட்டாணியைக் கொடுத்து உரிக்கச் சொன்னாள். அவர் உரித்து முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஏன் சிரித்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மொத்தலிப்பை ஊரில் ஸ்டாப்பர் பாய் என்பார்கள். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனை மறிக்கிறவன் ஸ்டாப்பர். டாக்கா லீக்கில் பதினோரு வருஷம் மறித்தார். நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்மாண்டு வரை போய் மறித்துவிட்டு வந்தார்.

அது ஒரு காலம். ஆட்டத்தன்று டாக்காவில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கிளப் கொடி பறக்கும். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கொடி, தம்பி ஒரு கொடி, நடுவில் அம்மா துணி காயப்போட இடமில்லாமல் திட்டிக்கொண்டிருப்பாள். ரேடியோவில் "மொத்தலிப் குறுக்கே வருகிறார்... மொத்தலிப்..." என்று குரல் ஏறும்போது சலூனில் கன்னத்தில் வைத்த கத்தி அப்படியே நிற்கும்.

பிறகு முழங்கால் போனது. சணல் ஆலையில் வேலை கொடுத்தார்கள். ஆலையும் மூடியது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் பேத்தியைப் பள்ளியில் விடுவார். மாலையில் டீக்கடையில் பழைய ஆட்டங்களைச் சொல்வார். எந்த ஆட்டத்தில் தொடங்கினாலும் பேச்சு அந்த ஒரு கோப்பை இறுதியாட்டத்தில்தான் வந்து முடியும். முடிந்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"சுபல் உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள் பானு.

"ரைட் பேக். எனக்கு வலப்பக்கம் ஆடினவன்."

"அதைக் கேக்கலை."

மொத்தலிப் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"கிளப் மெஸ்ஸுல ஒரே அறை. ஆறு வருஷம். ஒரே கொசுவலை. ஆட்டத்துக்கு முன்னாடி என் முழங்காலுக்குக் கடுகெண்ணெய் தேய்ச்சு விடுவான். மீன் தலைக்காகச் சமையல்காரர்கிட்ட சண்டை போடுவான். அவனுக்கில்லை, எனக்கு. நோன்பு மாசத்துல நான் சாப்பிடலைன்னு அவனும் சாப்பிட மாட்டான். 'நீ பசியோட கிடக்கும்போது எனக்கு எப்படிடா தொண்டையில இறங்கும்'பான்."

"நல்ல மனுஷன்."

"எங்க நல்ல மனுஷன்? நைசா வெளியே போய் சமோசா தின்னுட்டு வருவான். மீசையில உருளைக்கிழங்கு ஒட்டியிருக்கும்."

அவர் சிரித்தார். சிரித்ததைக் கவனித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

"நேத்து அவன் பொண்ணு போன் பண்ணுச்சு. தொண்டையில கட்டியாம். சனிக்கிழமை டாக்காவுல ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடப் போறாங்களாம். 'சித்தப்பா, அதுக்கப்புறம் அப்பாவுக்குப் பேச்சு வராது. அதுக்கு முன்னாடி உங்களோட பேசணும்ங்கறார்'னுச்சு."

"இன்னிக்கு வியாழன்."

"தெரியும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முதல்ல உங்கப்பனைத் தப்பை ஒத்துக்கச் சொல்லுன்னேன்."

"பொண்ணு?"

"போனை வெச்சுடுச்சு."

பானு தலையாட்டினாள். "எனக்குப் பந்தாட்டம் தெரியாது. என்ன தப்புன்னு காட்டுங்க."

மொத்தலிப்புக்கு அது போதும். வாசலுக்குப் போய், வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளில் நான்கைப் பொறுக்கிவந்து தரையில் வரிசையாக வைத்தார்.

"யோவ் ஸ்டாப்பர் பாய்! அது என் செருப்பு!" உள்ளே தொழுதுவிட்டு வந்த ஜொஹுரா கத்தினாள். மீன் மார்க்கெட்டில் கடை போடுகிறவள். கனத்த உடம்பு, கனத்த குரல்.

"கொஞ்சம் பொறு ஜொஹுரா. உன் செருப்புதான் சுபல்."

"என் செருப்பு சுபலா? கட்டின புருஷன்கூட அதை இப்படி மதிச்சதில்லையே!"

மொத்தலிப் குனிந்து விளக்கினார்.

"நாங்க நாலு பேர் வரிசையா நிப்போம். எதிராளி நடுவுல நிப்பான். அவனுக்குப் பந்து போடுற நேரம் பார்த்து நாலு பேரும் ஒண்ணா முன்னே ஏறிடணும். அவன் எங்களுக்குப் பின்னாடி தனியா மாட்டிக்குவான். அப்படி மாட்டினவன் பந்தைத் தொடக் கூடாது. ஆட்டத்தை நிறுத்திடுவாங்க."

மூன்று செருப்புகளை முன்னே தள்ளினார். ஜொஹுராவின் செருப்பு பின்னாலேயே கிடந்தது.

"அன்னிக்கு நாங்க மூணு பேர் ஏறிட்டோம். சுபல் ஏறலை. ஒருத்தன் பின்தங்கினாலும் கணக்கு கெட்டுது, எதிராளி பந்தைத் தொடலாம். கோல்! கோப்பை போச்சு. பார்த்தா இவன் வலைக்குள்ளே விழுந்து கிடக்கான், பிடிபட்ட மீன் மாதிரி. முகத்தைக்கூட என் பக்கம் திருப்பலை. நானும் பேசலை. அன்னிக்கே அறையை மாத்திக்கிட்டேன்."

"ஏன் ஏறலைன்னு கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

பானு செருப்புகளைப் பார்த்தாள்.

"செருப்பை வெச்சுப் புரியலை. ஆடிக் காட்டலாம்."

காணிக்கையாக வந்த பழங்களிலிருந்து ஒரு பெரிய பம்ப்ளிமாஸை எடுத்து வந்து காலடியில் போட்டாள். மொத்தலிப்பின் கண் அதிலேயே நின்றது. ஊரில் பந்து வாங்க வழியில்லாத பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் உதைப்பார்கள். அவருடைய முதல் பந்தும் அதுதான்.

"நான் எதிராளி. ஜொஹுரா அக்கா சுபல். எங்கே நிக்கணும்?"

"நானா? எனக்கு மீன் கெட்டுப்போகும்," என்றாள் ஜொஹுரா. ஆனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இரண்டு பாக்கு மரங்களுக்கு நடுவில் யாரோ மீன்வலையைக் காயப்போட்டிருந்தார்கள். அதுதான் கோல் என்றார் மொத்தலிப். ஜொஹுராவை வலப்பக்கம் மதிலோரமாக நிறுத்தினார். பானுவைத் தனக்குப் பின்னால், இரண்டடி தள்ளி நிறுத்தினார்.

"இவ்வளவு பக்கத்துலயா?"

"இவ்வளவு பக்கத்துலதான்."

"அப்புறம்?"

"பந்து வந்துச்சு. நான் கையைத் தூக்கினேன்." மொத்தலிப் வலது கையை உயர்த்தினார். முதுகு நிமிர்ந்தது. அறுபத்துமூன்று வயது எங்கோ போனது. "கோட்டோரம் கொடி பிடிச்சு நிக்கிறவரைப் பார்த்து, தப்பாட்டம்னு கத்தினேன்."

"சரி. கத்துங்க."

அவர் கத்தினார். மதில்மேல் இருந்த காகம் பறந்தது.

பானு பம்ப்ளிமாஸைக் காலால் தட்டினாள். அது சரியாக உருளவில்லை. ஒருமுறை கோணலாகப் போனது, திரும்பத் தட்டினாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சமையலறைக்குப் போகிறவள் மாதிரி மெதுவாக வலையை நோக்கி நடந்தாள்.

மொத்தலிப் கையை உயர்த்தியபடி நின்றார்.

வலை பக்கத்தில் வந்ததும் பானு பழத்தை உள்ளே தள்ளிவிட்டாள். "கோல்," என்றாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று மதிலோரத்திலிருந்து ஜொஹுரா கேட்டாள்.

"நீ வலைக்குள்ளே விழுந்து கிடக்கணும்."

"எந்த வலைக்குள்ளே?"

"அங்கே ஒண்ணுதானே இருக்கு!"

ஜொஹுரா வலையைப் பார்த்தாள். தான் நிற்கும் இடத்தைப் பார்த்தாள்.

"அது அந்தக் கோடியில இருக்கு. நான் இங்கே நிக்கறேன். எப்படி அங்கே போய் விழுவேன்?"

"ஓடித்தான்," என்றார் மொத்தலிப் எரிச்சலோடு. "அவளுக்கு முன்னாடி ஓடிப் போய், பந்தை மறிக்கப் பாய்ஞ்சு, கம்பத்துல மோதி..."

அவர் நிறுத்தினார்.

"அவ்வளவு தூரமா?" என்றாள் ஜொஹுரா. "இந்த உடம்பை வெச்சுக்கிட்டா? நீங்கதான் பக்கத்துல நிக்கறீங்க. நீங்க ஓடியிருந்தா ஆகாதா?"

ஆற்றில் ஏதோ படகு மோட்டார் சத்தம் வந்து, போனது. மொத்தலிப் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுபலின் சேறு அப்பிய சட்டை. பின்கழுத்து. காறை எலும்பு உடைந்து ஒரு பக்கம் சரிந்த தோள். கழுத்தில் கட்டிய துணியில் கை தொங்க மெஸ் வாசலில் நின்றவனைத் தாண்டித்தான் அன்றைக்கு இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனார். எலும்பு எப்படி உடைந்தது என்று அப்போதும் கேட்கவில்லை.

"அவன் மட்டும்தான் ஓடினான்," என்றார்.

கையை இன்னும் இறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மெதுவாக இறக்கினார். தோள் வலித்தது.

ஜொஹுரா தன் செருப்பை மாட்டிக்கொண்டு, மீனை நினைத்துப் புலம்பியபடி போய்விட்டாள்.

பானு வலையிலிருந்து பழத்தை எடுத்து, மண்ணைத் துடைத்து, படியில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். தோல் தடிமனாக இருந்தது. அவள் அவசரப்படவில்லை.

"அம்மா," என்றார் மொத்தலிப். "டாக்காவுக்கு எது சீக்கிரம் போகும்? லாஞ்ச் படகா, பஸ்ஸா?"

பானு ஒரு சுளையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"இப்பவும் நின்னுக்கிட்டே கேக்கறீங்களே, பாய்."