ஆயிரம் லூமன்

சின்னச் சின்ன விஷயத்தைக்கூட விட்டுவிடாமல் கேளுங்கள். கடைசியில் கேள்வி உங்களிடம்தான் வரப்போகிறது. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

திருப்பூர் தணிகைவேலுக்கு மலையேற வேண்டும் என்று திடீர் ஆசை. ஊசிக்கல் மலைக்கு வழிகாட்டியோடு ஒரு குழு போகிறது என்று கேள்விப்பட்டதும், மனைவி மங்கையர்க்கரசிக்கும் தங்கை வெண்ணிலாவுக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டார். 'தலையில் கட்டும் விளக்கு, ஆளுக்கு ஒன்று, கட்டாயம்' என்று குழுவில் எழுதி அனுப்பியிருந்தார்கள். தணிகைவேல் வாங்கியது ஆயிரம் லூமன் வெளிச்சம், சார்ஜ் போடுவது. "எதுத்த மலையே தெரியுங்க" என்று கடைக்காரர் சொன்னதில் மனுஷன் சொக்கிப்போனார். வெண்ணிலா எடுத்தது உள்ளங்கையில் அடங்கும் சின்னது. மூன்று பென்சில் பேட்டரி போட்டால் விடிய விடிய எரியும்.

"இதென்ன அம்மிணி, மின்மினிப்பூச்சியா?" என்று அண்ணன் கிண்டலடித்தார்.

மங்கை ஒன்றுமே வாங்கவில்லை. "உங்க பின்னாடியேதான வரப்போறேன், எனக்கெதுக்குங்க?" என்றுவிட்டாள். வீட்டுக்கு ஒரு டார்ச் போதும் என்று வளர்ந்தவர்கள் செய்கிற தப்புதான் இது, அவளை மட்டும் என்ன சொல்ல?

ஏற்றம் தொடங்கும் முகாமுக்குப் போன பஸ் கொண்டை ஊசி வளைவில் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டது. டிரைவர் பெரிய விளக்கை அணைத்தார். பம்பருக்குக் கீழே, தரையை ஒட்டி இருந்த சின்ன விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். முன் சீட்டில் இருந்த மங்கை சாமியைக் கூப்பிட்டபடியே அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏறும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உச்சிக்குக் கீழே ஒரு குகை. அதற்குள் ஆயிரம் லூமனை எரியவிட்டுத் தணிகைவேல் எடுத்த போட்டோக்களுக்கு அளவே இல்லை. இறங்கும்போது இவர்கள் பின்தங்கியதும் அந்தப் போட்டோ பைத்தியத்தால்தான். "அம்புக்குறியப் பாத்து வந்துடறோம், நீங்க முன்னால போங்க" என்று வழிகாட்டியையும் மற்றவர்களோடு அனுப்பிவிட்டார். பாதையோரப் பாறைகளில், முழங்காலுக்குக் கீழே, வெள்ளையில் அம்பு வரைந்திருக்கும்.

மாலை ஆறு மணிக்கு ஈரப்பாறையில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் ஒரு பக்கமாகக் கோணி நின்றது. பெண்கள் இருவரும் அவரை இழுத்துப்போய், பாதையை விட்டுத் தள்ளி, காற்று அடிக்காத ஒரு பாறை இடுக்கில் சாய்த்து வைத்தார்கள். கால்விரல்கள் நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தன. மங்கை தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், சூடு ஏறவில்லை. போனில் சிக்னல் இல்லை. முகாமுக்கு ஒரு மணி நேர நடை. விடியும்வரை இப்படியே கிடந்தால் இந்தக் கால் என்ன ஆகும்? அந்த நேரம் பார்த்துத்தானா பனி இறங்க வேண்டும்!

வெண்ணிலா போய் ஆட்களைக் கூட்டிவருவது என்று முடிவாயிற்று. கல்லூரியில் ஓட்டப்பந்தயக்காரி, கழுத்தில் விசில் இருந்தது. ஆனால் வழியில் இரண்டு இடத்தில் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும், இரண்டு கையும் காலியாக இருந்தாக வேண்டும்.

"என்னோட லைட்டக் கட்டிக்க அம்மிணி. இந்த வெளிச்சத்துல அரைமணியில ஓடிருவ" என்றார் தணிகைவேல். அதில் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த சார்ஜும் அந்த அரைமணிக்குத்தான்.

"வேண்டாண்ணா, என்னோடதே போதும். பெருச எரியவிட்டு உக்காருங்க. உங்களுக்கும் தைரியமா இருக்கும், மிருகமும் கிட்ட வராது."

அண்ணன் பேச்சைத் தட்ட முடியாமல் பெரியதை நெற்றியில் கட்டிக்கொண்டு பத்தடி போனாள். எதிரே சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. திரும்பி வந்து சின்னதைக் கட்டினாள். அந்தச் சுவர் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

"அண்ணி, என் காலே எனக்குத் தெரியல" என்றாள்.

மங்கை இரண்டு விளக்கையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றாள். அனுப்பாவிட்டால் இவர் கால் போய்விடும். அனுப்பி, அந்தப் பெண் பள்ளத்தில் விழுந்துவிட்டால்?

இப்போது சொல்லுங்கள். அண்ணன் சொன்னது சரியா, தங்கை சொன்னது சரியா? மங்கை எந்த விளக்கை, எப்படிக் கொடுத்து அனுப்ப வேண்டும்? மிஞ்சியதை என்ன செய்ய வேண்டும்?

விடை: இருவர் சொன்னதும் முழுதாகச் சரியில்லை. போக வேண்டியது சின்னது, ஏனென்றால் பெரியது பாதி வழியில் கையை விரித்துவிடும். ஆனால் அது நெற்றியில் இருக்கக் கூடாது. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து புறப்படும் வெளிச்சம் பனியில் மோதிக் கண்ணுக்கே திரும்பி வரும். டிரைவர் செய்தது மங்கைக்கு ஞாபகம் வந்தது. துப்பட்டாவால் விளக்கை வெண்ணிலாவின் இடுப்பில் தரையைப் பார்க்கக் கட்டினாள். காலும் கல்லும் வெள்ளை அம்பும் தெரிந்தன, கையும் காலியாக இருந்தது. பெரியதை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாதையை விட்டுத் தள்ளிக் கிடப்பவர்களைப் பனியில் யார் கண்டுபிடிப்பார்கள்? அந்த அரைமணி வெளிச்சம் தேடி வருபவர்களுக்கு. கால் தப்பியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி இருக்காது. ஆனால் அந்த இரண்டு மணி நேர இருட்டு இருக்கிறதே! தணிகைவேல் இரண்டு தடவை பட்டனுக்குக் கையை நீட்டினார், இரண்டு தடவையும் மங்கை தட்டிவிட்டாள். "பயமா இருக்குது மங்கை" என்றார். "எனக்குந்தானுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது கீழே எங்கேயோ விசில் கேட்டது. அவளே பட்டனை அழுத்தி, விளக்கைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். பனி மொத்தமும் வெளுத்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணி! தெரியுது, தெரியுது!"