பிள்ளையாருக்குப் போன நுனிப்புல்

தென்காசியில் ஆவுடையப்பர் என்றொரு மிட்டாதார் இருந்தார். அவர் மாளிகை முற்றத்து அருகம்புல்வெளி நெட்டையும் சொட்டையுமாய்க் கிடந்தது. தோட்டக்காரி செண்பகவடிவை அழைத்தார்.

"சதுர்த்திக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அதற்குள் புல் கம்பளம்போல் அடர வேண்டும். அரிவாள் மட்டும் படக் கூடாது. வெட்டினால் குறையுமே தவிர வளருமா? அடராவிட்டால் குடிசையைக் காலி செய்!"

நுனி கழிந்தால்தான் அருகு பக்கத்தில் கிளைக்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் மீசை துடிப்பதைக் கண்டு அடங்கினாள்.

"ஆகட்டும் எசமான். பூசைக்கு அருகம்புல் மாலை நானே கட்டித் தரட்டுமா?"

"தாராளமாய்!"

விடியல்தோறும் பசிய மாலை வந்தது. மிட்டாதாரும் மனமுருகித் தம் கையாலேயே பூசையறைப் பிள்ளையாருக்குச் சாத்தினார்.

சதுர்த்தியன்று புல்லில் கால் புதைந்தது. "ஒரு புல்லையும் வெட்ட விடவில்லை. எல்லாம் என் யோசனை!" என்று மிட்டாதார் மார்தட்டினார்.

சம்பந்தியம்மாள் குனிந்து பார்த்தாள். "நுனியெல்லாம் கிள்ளியிருக்கே, அண்ணாச்சி!"

"யாரடி கிள்ளியது?" என்று மிட்டாதார் செண்பகவடிவின் பக்கம் திரும்பினார்.

"நான்தான், எசமான். ஆனால் ஒரு நுனிகூட என் குடிசைக்குப் போகவில்லை. எல்லாம் நீங்கள் சாத்திய மாலைதான். திருப்பிக் கேட்பதென்றால் பிள்ளையாரிடம்தான் கேட்க வேண்டும்."

சம்பந்தியம்மாள் சிரித்துவிட்டாள். மிட்டாதார் பூசையறைப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அப்பனே, என் பிடிவாதத்தையும் மாலையாய் ஏற்றாயே! வடிவு, குடிசை இனி உனக்கே சொந்தம். நாளைக்கும் மாலை வேண்டும்."

கொடுக்கக் கொடுக்கத் தழைக்கும் புல்லைப் படைத்தவனை நினைந்து, அவளும் கண்ணீர் மல்கக் கைகூப்பினாள்.