கெளுத்தி மேல் போட்ட பழி

அந்தக் காலத்தில் ஆற்றில் குமிழி என்றே ஒன்று கிடையாது. மீன்கள் தலையை வெளியே நீட்டி மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் மேலே வந்தே பேசிவிட்டால், தண்ணீருக்குள் குமிழி விட அவற்றுக்கு என்ன வேலை?

அந்த ஆற்றங்கரையில் கயிறு திரித்துப் பிழைத்தவள் பூலங்கொண்டாள். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறப்போட்டு அடித்தால்தான் நார் பிரியும். ஆற்றில் ஊறப்போட்டால் குடிக்கிற தண்ணீர் கெட்டுவிடும். அதனால் ஆளுக்கொரு குழி வெட்டி, குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும் என்பது ஊர்க்கட்டு. மீறியவர் அப்புறம் படித்துறையில் கால் வைக்க முடியாது. பூலங்கொண்டாளுக்கு இடுப்புதான் வலித்ததோ, உடம்புதான் வணங்கவில்லையோ, அது அவளுக்கே வெளிச்சம். ஆளில்லாத ஓர் உச்சிவேளையில் மட்டைகளை வலையில் கட்டி, படித்துறைக்குப் பக்கத்து ஆழத்தில் சேற்றோடு சேர்த்து அமுக்கிவிட்டாள்.

அந்த இடத்தில் குடியிருந்த கெளுத்தி தலையை நீட்டியது. தினமும் அவள் ஊற்றும் கஞ்சியைக் குடித்து அவளோடு பழகிய மீன் அது.

"என்னக்கா, என் வீட்டு மேலயே கொண்டாந்து வைக்கியளே?"

"கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி. யார்கிட்டயும் சொல்லிராத, என்ன?"

"சரிக்கா. வாயத் திறக்க மாட்டேன்."

மட்டை அழுகியது. ஒரு காலையில் ஆழத்திலிருந்து குபுகுபுவென்று ஏதோ கிளம்பி, மேலே வந்து உடைந்து நாறியது. யாரும் கண்டிராத சங்கதி. ஊரே கரையில் கூடிவிட்டது.

"யாரு எதைப் போட்டது? இப்பமே சொல்லிருங்க" என்றார் தோணிக்காரர் உய்க்காட்டான்.

பூலங்கொண்டாளின் நாக்கு எப்படியோ புரண்டுவிட்டது. "யாரும் ஒண்ணும் போடல அண்ணாச்சி. அந்தக் கெளுத்திதான் சேத்தைக் கிண்டி நாத்தத்தைக் கிளப்புது."

வலை வீசி இழுத்து மணலில் போட்டார்கள். "நீதானா?" என்று கேட்டார் உய்க்காட்டான். கெளுத்தி பூலங்கொண்டாளைப் பார்த்தது. அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் பார்த்தது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கொடுத்த வாக்குக்காக வாயை இறுக மூடியபடியே அது செத்தது.

மறுநாளும் குமிழி வந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்; அத்தனை முகங்களையும் பார்த்ததும் முடியவில்லை. ஆற்றில் இறங்கி முங்கினாள். "நான்தான்! மட்டை போட்டது நான்தான் தம்பி!" என்று தண்ணீருக்குள் கத்தினாள். மீன்களுக்கெல்லாம் கேட்டது. கரைக்கு அவள் குரல் வரவில்லை. அவள் விட்ட குமிழிகள் மட்டுமே மேலே வந்து உடைந்தன.

எழுந்தவளிடம் உய்க்காட்டான் கேட்டார்: "ஏ பூலங்கொண்டா, அடியில என்ன கெடக்கு?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு மீனு அண்ணாச்சி."

சொன்ன பிறகு அந்த வாயை அவளாலேயே பொறுக்க முடியவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அழுதாள். பக்கத்தில் நீந்திய மீன்கள் அவள் சொன்ன பொய்யையும் கேட்டுவிட்டு விலகிப் போயின.

பிறகு எந்த மீனும் தலை நீட்டி நம்மோடு பேசவில்லை. தங்களுக்குள் பேசுவதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டன. சின்னச் சின்னக் குமிழிகள் அவற்றின் பேச்சு. சேற்றுக்குள்ளிருந்து நாற்றத்தோடு வரும் பெரிய குமிழிகளில் சில, உதிர்ந்து மக்கிய இலை தழையால் வருபவை. மற்றவை நாம் கொண்டுபோய்ப் புதைத்தவற்றால் வருபவை. ஆனால் அன்று முதல்தான், எந்தக் குமிழி வந்தாலும் கரையில் நிற்கிற நாம், "மீனாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறோம்.