தூக்க மாத்திரை யாருக்கு?

அந்தக் காலத்தில் வெள்ளாற்றங்குடிக்கே ஒரே மருந்துக்கடைதான். டிங்சர் வாசனை தெருமுனை வரை வரும். மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் தங்கபுஷ்பம்.

தேர்தல் நேரம். சேர்மன் வேலாயுதப்பெருமாள் துண்டை உதறிக்கொண்டு வந்து நின்றார்.

"இருக்கறதுலயே பலமான தூக்க மாத்திரை எடு."

"இது சட்டுன்னு தூங்க வைக்கும், சீக்கிரம் விட்டுடும். அது மறுநாள் மத்தியானம் வரை மந்தமா வச்சிருக்கும். ரெண்டுக்கும் டாக்டர் சீட்டு வேணும். இன்னொண்ணு பூட்டின அலமாரியில இருக்கு. அதுக்குச் சீட்டே ரெண்டு வேணுங்கய்யா, ஒண்ணு கடையில வச்சுக்கணும்."

"என் வாய்தாண்டி சீட்டு!"

கொடுத்தால் கடை லைசென்ஸ் போகும். கொடுக்காவிட்டால் இவள் வேலை போகும். எட்டுப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். தங்கபுஷ்பம் நிதானமாகப் பதிவேட்டைப் பிரித்தாள்.

"நோயாளி பேரு எழுதணுமே?"

"என் பேரையா? வேற எவன் பேரையாவது எழுதித் தொலை."

"அப்போ உங்களை எதிர்த்து நிக்கற சிதம்பரநாதய்யா பேரை எழுதிடறேன். அவருக்குத் தூக்கமே போச்சுன்னு நேத்து மைக்குல நீங்கதானே சொன்னீங்க? ஆனா பேரு யாருதோ, மாத்திரையும் அவங்க வீட்டுக்குத்தான் போகும்."

எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. சேர்மன் மறுநாள் டாக்டர் சீட்டோடு வந்து, வரிசையில் நின்று வாங்கிப் போனார்.

இப்போது ஊரில் ஆறு மருந்துக்கடை. டிங்சர் வாசனைதான் இல்லை. ஆனால் மேடையில் எவராவது, "எதிரிக்குத் தூக்கம் போச்சு" என்று முழங்கினால், கூட்டத்தின் கடைசியிலிருந்து இன்றும் ஒரு குரல் கேட்கும்:

"மாத்திரை யாருக்குங்கய்யா?"