மண்டைக்குளத்துக்காரர்கள் இணைப்புக் கொடுத்த கதை

கிட்ட நகர்ந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா மண்டைக்குளத்துக்காரங்க காதுல விழும், இன்னொரு தடவை செஞ்சு பார்த்துடுவாங்க.

யார் வேணும்னாலும் எழுதிச் சேர்க்கலாம்னு இணையத்துல ஒரு கலைக்களஞ்சியம். அதுல தங்களோட ஊரைப் பத்தி ஒரு பக்கம் எழுதினாங்க. எழுதினது காத்தாயி. அந்த ஊர்லேயே புத்திசாலி அவதான். மறுவாரமே, அங்கே பக்கங்களைத் திருத்துற தணிகாசலம் விதிகளை அனுப்பினார்:

“சொல்லைத் தொட்டால் வாசகர் அந்த இடத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு முறை இணைப்புப் போதும். பக்கம் இல்லாத சொல் சிவப்பாக இருக்கும். ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் மண்டைக்குளம் நீக்கப்படும்.”

படிப்பகத்துக் கணினி முன்னாடி ஊரே கூடிடுச்சு.

“ஊரை நீக்கிட்டா என் மாட்டை எங்கே கட்டுவேன்?” என்றான் சடையன்.

“மாடும் ஊரோடதான்டா போகும்,” என்று ஆறுதல் சொன்னான் வீரணன்.

காத்தாயி அசரலை. “சொல்லைத் தொட்ட ஆளு தானா எப்படிப் போவாரு? நாமதான் தூக்கணும். கட்டிலைக் கொண்டாங்கடா.”

ஊர்ல பள்ளிக்கூடம் கிடையாது. இல்லாதது சிவப்பா இருக்கணுமாமே, அதனால திரையில ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல் மேல, விரல் படாம, ஈர்க்குச்சி நுனியால குங்குமம் தடவினா. அப்புறம், “எல்லாம் தயார், வந்து தொட்டுப் பாருங்க”ன்னு கடிதம் போட்டா.

ஏழாம் நாள் தணிகாசலம் வந்தார். திரையில ‘குளம்’ என்ற சொல்லைத் தொட்டு, “இதுக்கு இணைப்பு எங்கே?” என்றார். கேட்டு முடிக்கறதுக்குள்ள கட்டில்ல இருந்தார். கொஞ்ச நேரத்துல குளத்துல இருந்தார்.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவர், “கண்ணாடி குளத்துல விழுந்துடுச்சு! மறுபடி கூட்டிப் போங்கய்யா!” என்றார்.

வீரணன் கைகட்டி நின்னான். “மன்னிக்கணும். ஒரு சொல்லுக்கு ஒரு முறைதான். நீங்க போட்ட விதிங்க.”

“இப்பவே உங்க ஊரை நீக்கறேன் பாரு!”

கண்ணாடி இல்லாம திரையை விரலால தடவித் தடவி, ‘நீக்கு’ என்ற சொல்லைத் தேடிப் பிடிச்சார். சடையன் கண்ணை மூடிக்கிட்டான். வீரணன் தூணைக் கட்டிக்கிட்டான்.

“தொட்டுட்டாரு!” காத்தாயி கத்தினா. “தொட்டவரை நீக்குங்கடா!”

கட்டில் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டித்தான் இறங்கிச்சு. தணிகாசலம் கிடைச்ச பஸ்ஸுல ஏறிட்டார், எந்த ஊர் பஸ்ஸுன்னுகூடப் பார்க்கலை.

“நாளைக்கு இன்னொருத்தர் வந்து தொட்டா, அக்கா?” என்றான் சடையன்.

“அப்படி ஒரு இடமே இல்லைன்னு ஆக்கிடறேன்”னு காத்தாயி குங்குமத்தை எடுத்து, ‘நீக்கு’ மேல அழுத்தி ஒரு பொட்டு வெச்சா.

வெச்ச பிறகுதான் பார்த்தா, ஈர்க்குச்சி மேசை மேலேயே கிடக்கு, குங்குமம் விரல்ல இருக்கு.

நேராப் போய்க் கட்டில்ல ஏறிப் படுத்தா.

“ம், தூக்குங்கடா.”