முந்நூற்று அறுபத்தைந்து சுற்று

சுகிர்தா டீச்சரின் அறையில் ஒரு விதி இருந்தது. பூமி சூரியனைச் சுற்றும் மாதிரியை யார் செய்தாலும், அது பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் ஒரு முழு வருடம் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கைப்பிடியின் ஒரு சுற்று ஒரு நாள். முந்நூற்று அறுபத்தைந்து சுற்று. செய்தவரே சுற்ற வேண்டும். டீச்சர் எதிரில் உட்கார்ந்திருப்பார். தப்பு எங்கே என்று சொல்ல மாட்டார்.

கோத்தகிரி கடைவீதிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அது. மலையில் இருக்கும் பள்ளிக்கூடங்களுக்கு அங்கிருந்துதான் மாதிரிகள் போயின. கற்றுக்கொள்ள வந்தவர்களில் மருதமுத்துதான் மூத்தவர். வயது அறுபத்திரண்டு. தேயிலை ஃபேக்டரியில் முப்பத்துநான்கு வருடம் ஃபிட்டர். டீச்சரைவிடப் பத்தொன்பது வயது பெரியவர். டீச்சர் அவரை அண்ணா என்று கூப்பிடுவார்.

அந்த மார்கழிக் காலையில் அவர் இரண்டு சுமைகளோடு வந்தார். கையில் பழைய போர்வையில் சுற்றிய மாதிரி. தோளில் ஒரு பை.

"என்னண்ணா, ஊருக்கா?"

"தம்பி வீட்டுக்கு. திருச்சுழி. ரெண்டு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

"எப்போ திரும்பறீங்க?"

மருதமுத்து போர்வையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இதை முடிச்சுக் குடுத்துட்டா எனக்கு இங்க வேலை இல்ல டீச்சர்."

டீச்சர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"தவமணி அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். சுவத்துகிட்ட சொல்ற மாதிரிதான்."

மனைவி தவமணி மருதமுத்துவிடம் பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது. ஃபேக்டரியில் இலை உருட்டும் ரோலர் நின்றுபோன ஒரு மழை நாளில், பேரிங் வாங்கி வரச் சொல்லி மகன் நவநீதனை மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினார் மருதமுத்து. திரும்பி வரும்போது மூன்றாவது வளைவில் வண்டி சறுக்கியது. பேரிங் மட்டும் வந்து சேர்ந்தது. எடுத்து வந்தவர்கள் அதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல," என்றார் மருதமுத்து. "நீதான் கொன்னேன்னு ஒரு தடவை கத்திட்டா நானும் அழுதுட்டுப் போயிருவேன். அதுவும் இல்ல. விடிஞ்சா வெந்நீர் இருக்கும். மத்தியானம் சோறு மூடி இருக்கும். லாட்ஜ்ல தங்கின மாதிரி இருக்கேன்."

"பை யார் கட்டினது?"

"அவதான். நான் எடுத்து வைக்கப் போறதுக்குள்ள கட்டி வாசல்ல வெச்சுட்டா. அவ்வளவு அவசரம். மேலாக ஸ்வெட்டர் வேற. திருச்சுழி வெயில்ல எவனாவது ஸ்வெட்டர் போடுவானா? நான் எங்க போறேங்கறதுகூட அவ காதுல விழல."

டீச்சர் பையைப் பார்த்தார். எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மாதிரியின் விளக்கைப் போட்டார்.

"ஓட்டுங்க."

நல்ல வேலை. பற்சக்கரங்கள் சத்தமில்லாமல் கடித்து நகர்ந்தன. மரப்பந்தில் கண்டங்கள் அழகாகத் தீட்டப்பட்டிருந்தன. கோத்தகிரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஆணி. பந்து குத்துக்கம்பியில் நிமிர்ந்து நின்று சுழன்றபடி ஒரு தண்டவாளத்தில் நகர்ந்தது. தண்டவாளம் முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. விளக்கு நடுவில் இல்லை. முட்டையின் ஒரு முனைக்குப் பக்கத்தில் இருந்தது.

மருதமுத்து சுற்றினார். டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடங்கள் அவர் முன்னால் இப்படிச் சுற்றி முடிந்திருந்தன. அவர் முகத்தில் அந்த அலுப்பு இருந்தது.

பந்து விளக்கை ஒட்டி வந்தபோது டீச்சர் கேட்டார்.

"இது என்ன மாசம்?"

"சித்திரை. கத்திரி வெயில்."

இன்னும் சுற்றினார். பந்து தண்டவாளத்தின் தொலைவு முனைக்குப் போய்ச் சேர்ந்தது. வெளிச்சம் அங்கே மங்கலாகத்தான் எட்டியது.

"இது?"

"மார்கழி."

"எப்படிச் சொல்றீங்க?"

"அதான் தெரியுதே டீச்சர், எவ்வளவு தள்ளி வந்துடுச்சுன்னு. ஃபேக்டரில இலை காயற ட்ரையர் பக்கத்துல நின்னா சுடும். தள்ளி நின்னா ஆறிடும். முப்பத்துநாலு வருஷம் நின்னு பார்த்தவன் நான்."

டீச்சர் தலையாட்டினார்.

"மெர்சி பொண்ணு மேல உங்களுக்கு என்னண்ணா கோபம்?"

"எந்த மெர்சி?"

"நம்ம தபால்காரர் பொண்ணு. ஆஸ்திரேலியாவுல நர்ஸா இருக்கறவ. நேத்து போன் பண்ணினா. அங்க வெயில் மண்டையப் பிளக்குதாம். நீங்க அவளையும் சேர்த்து நடுங்க வெச்சுட்டீங்களே."

மருதமுத்துவின் கை நின்றது. குனிந்து பந்தின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார். ஆஸ்திரேலியாவும் ஆணியும் ஒரே தூரத்தில், ஒரே மங்கலில் இருந்தன.

"அங்க இப்போ வெயில் காலமா?"

"ஆமா."

"அப்போ தூரம் இல்லையா காரணம்?"

டீச்சர் எழுந்தார். அலமாரிக்கு மேலிருந்து ஒரு வட்டப் பலகையை இறக்கித் தூசி தட்டினார். அதில் தண்டவாளம் வட்டமாக இருந்தது. நடுவில் விளக்குக்கு ஓட்டை. பிறகு பந்தின் கம்பியைத் தொட்டார்.

"இதைக் கொஞ்சம் சாய்ங்க."

"எவ்வளவு?"

"செங்கோணத்துல கால்வாசி. அதுக்கு மேல ஒரு முடி."

ஃபிட்டரின் கை அது. அரை மணி நேரத்தில் பலகை மாறியது. கம்பியை இடுக்கியில் பிடித்துச் சாய்த்தார். பந்து தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"நல்லாவே இல்ல டீச்சர். அடிபட்டது மாதிரி இருக்கு."

"அடிபட்டதுதான். ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு வந்து மோதிச்சுன்னு சொல்றாங்க."

"அதுக்கப்புறம் நிமிரவே இல்லையா?"

"இல்ல."

"ஆனா சுத்துது."

"சுத்துது."

மருதமுத்து துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"சாய்வு எப்பவும் அந்த ஜன்னல் பக்கமே இருக்கட்டும்," என்றார் டீச்சர். "பந்து எங்க போனாலும் அது மாறக் கூடாது."

"அதுக்கு விளக்குக்குக் கீழயும் பந்துக்குக் கீழயும் ஒரே அளவுல சக்கரம் போட்டு ஒரு செயின் மாட்டணும்."

"அதைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு விரலால பிடிச்சுக்குங்க."

ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மறு கையின் விரலால் சாய்வு திரும்பிவிடாமல் தடுத்தார் மருதமுத்து. முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று உதடு மட்டும் அசைந்தது. ஐம்பதைத் தாண்டியபோது மணிக்கட்டு வலித்தது. சட்டைக்குள் வியர்த்தது. ஊரே குளிரில் சுருண்டிருந்த நேரத்தில் அவருக்கு வியர்த்தது.

நூற்றைம்பது. பந்தின் மேல்பாதி விளக்கைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. ஆணி பளிச்சென்று மின்னியது.

இருநூற்றுப் பத்து. வெளிச்சம் மேலே குறைந்துகொண்டு வந்தது. கூரைத் தகரத்தில் காகம் நடக்கும் சத்தம் கேட்டது.

முந்நூற்று முப்பதில் பந்து விளக்குக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அதே தூரம். அதே சாய்வு. ஆனால் இப்போது மேல்பாதி விளக்கை விட்டு விலகிச் சாய்ந்ததுபோல் இருந்தது. மெர்சியின் பக்கம் முழு வெளிச்சம்.

மருதமுத்து குனிந்து ஆணியைப் பார்த்தார்.

"முகத்தத் திருப்பிக்கிச்சு," என்றார்.

"திருப்பிச்சா? உங்க விரல் எங்க இருக்கு?"

விரல் நகரவில்லை. ஆரம்பித்ததிலிருந்து ஜன்னல் பக்கமே இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திருப்பல," என்றார். "அது இருந்தபடியேதான் இருக்கு."

மறுபடி ஆணியைப் பார்த்தார்.

"வெளிச்சமும் விழாம இல்ல. சாஞ்சு விழுது. அதனால உறைக்கல."

"எண்ணிக்கை விட்டுப் போச்சா?"

"முந்நூத்து முப்பது."

மீதியை மெதுவாகச் சுற்றினார். வருடம் முடிந்தது. விரலை எடுத்தபோது நுனி வெளுத்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை மணி.

டீச்சர் ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இருவரும் குடித்தார்கள். மருதமுத்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். போர்வையை மடித்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"செயின் வேலைய வேற யாரையாவது வெச்சு முடிச்சுக்குங்க டீச்சர்."

"சரிண்ணா."

"பள்ளிக்கூடத்துல கேட்டா, பேரெல்லாம் போட வேண்டாம்னு சொல்லிடுங்க."

"சரிண்ணா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார். திரும்பாமல் கேட்டார்.

"டீச்சர், சாய்வுதான் காரணம்னு புரிஞ்சுது. ஆனா இந்தப் பலகைல இருக்கற மாதிரி பூமி நிஜமாவே சரியான வட்டமா சுத்துமா? தூரம் ஒரு கொஞ்சம்கூட மாறாதா?"

"மாறும். கொஞ்சம் மாறும்."

"அதானே." அவர் குரலில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. இத்தனை நாள் நினைத்தது முழுக்கத் தப்பில்லை என்கிற நிம்மதி. "என்னதான் இருந்தாலும் இவ்வளவு குளிர்ல, கொஞ்சமாவது தள்ளிப் போயிருக்கணுமே."

டீச்சர் விளக்கை அணைத்தார்.

"இல்லண்ணா. வருஷத்துலயே சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல பூமி இருக்கறது இப்போதான். இந்த மார்கழியில."

மருதமுத்துவின் கை பையில் மேலாக இருந்த ஸ்வெட்டரைத் தொட்டது. அவர் பையை இறக்கவும் இல்லை. வாசலைத் தாண்டவும் இல்லை.