பாக்கியத்தின் பேரனுக்கு ஒரு ஸ்வெட்டர்

பிறந்த குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்ன வேண்டும். கடையில் இரண்டு நூல். ஒன்று மலிவு. இன்னொன்று விலை கேட்டாலே தலை சுற்றும். நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?

தவமணி இரண்டையும் வாங்கிவிட்டாள்.

வாங்கிக்கொண்டு நேரே சுகந்தி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கோத்தகிரியில் தன் வீட்டிலேயே பின்னல் சொல்லித் தருகிறவள். தவமணியைவிட வயதில் ரொம்பச் சின்னவள், கைக்குழந்தைக்காரி.

அன்று டீச்சர் குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, அப்போதுதான் தூங்க வைத்திருந்தாள்.

தவமணி இரண்டு உருண்டைகளையும் பாயில் வைத்தாள்.

“எதுல பின்னட்டும் டீச்சர்?”

“யாருக்கு?”

“எங்க அக்கா பேரனுக்கு.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கதை அங்கே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த வகுப்புக்கே தெரியும். அக்கா பாக்கியத்தின் மகள் கல்யாணத்தில், தவமணி கொண்டுபோன சீர்த்தட்டைக் கடைசி வரிசையில் வைத்துவிட்டார்கள். அவள் பந்தியில் உட்காராமலே கிளம்பி வந்துவிட்டாள். அதிலிருந்து அக்கா தங்கைக்குள் பேச்சில்லை. பேரன் பிறந்த சேதியே காய்க்காரம்மா சொல்லித்தான் தெரியும்.

இந்த ஒரு ஸ்வெட்டர் சரியாக அமைந்துவிட்டால் அறுந்த பேச்சு ஒட்டிவிடும் என்று தவமணி நம்பினாள்.

“மலிவுல பின்னினா, குடுக்கக் கை வரலைம்பா. ஒசத்தியில பின்னினா, பவுசு காட்ட வந்துட்டாம்பா. அவ வாயை அடைக்கிற மாதிரி ஒரு நூல் சொல்லுங்க.”

பாக்கியத்தின் வாயை அடைக்க நூல் போதாது, முழுக் கம்பளியே வேண்டும் என்றாள் பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. இரண்டு நூலிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பின்னித் தரச் சொன்னாள்.

தவமணி பின்னினாள். ஒசத்தி நூல் அசல் ஆட்டு ரோமம். மடியில் பூனைக்குட்டி கிடப்பதுபோல இருந்தது. மலிவு நூல் செயற்கை இழை, ஆனாலும் மோசமில்லை, பளபளவென்றுதான் இருந்தது.

டீச்சர் ஒசத்தித் துண்டை எடுத்து, அடுப்பில் இருந்த வெந்நீரில் முக்கினாள். சோப்புப் போட்டு, மூத்திரத் துணி கசக்குவதுபோலக் கசக்கினாள். கசக்கிக்கொண்டே இருந்தாள். பிழிந்து கொடுத்தபோது அது பாதியாகச் சுருங்கித் தடித்திருந்தது.

கொடுத்த விலையை நினைத்துத் தவமணி உச்சுக் கொட்டினாள். பிறகு, எது என்று முடிவாகிவிட்டதில் கொஞ்சம் நிம்மதி.

“அப்ப மலிவுதான்.”

டீச்சர் மலிவுத் துண்டை எடுத்து சாம்பிராணிக் கனலுக்கு மேலே பிடித்தாள். வெயில் எட்டிப் பார்க்காத மழைநாளில் அந்த ஊரில் குழந்தைத் துணி காய்வது கனலில்தான். துண்டு அப்பளம்போல விறைத்துப்போனது.

“அப்ப ரெண்டும் ஆகாதா?”

“இப்படித் துவைச்சா அது ஆகாது. இப்படிக் காய வெச்சா இது ஆகாது. உங்க அக்கா வீட்டுல எப்படி?”

தவமணி விறைத்த துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வெந்நீரா, பச்சைத் தண்ணியா? துவைக்கிறது யாரு, பெத்தவளா, உங்க அக்காவா?”

“தெரியாது டீச்சர். கல்யாணத்துக்கு அப்புறம் நான் அந்த வீட்டுப் படி ஏறலை.”

டீச்சர் இரண்டு உருண்டைகளையும் எடுத்துத் தன் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

“தெரிஞ்சுக்கிட்டு வாங்கக்கா. நூல் எங்கேயும் போயிடாது.”

“வெறுங்கையோடவா போகச் சொல்றீங்க?”

உள்ளே குழந்தை அழுதது. டீச்சர் எழுந்து போய்விட்டாள்.

தவமணி அக்கா வீடு இருந்த கீழ்த்தெருவுக்கு இறங்கினாள். வழியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது வாங்கலாம் என்று கடையில் நின்றாள். எந்த பிஸ்கட், மலிவா ஒசத்தியா என்று மனசு ஆரம்பித்ததும் வாங்காமலே நடந்தாள்.

பனி இறங்கியிருந்தது. வீட்டுப் பக்கவாட்டில் பாக்கியம் வந்துகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் வாளி நிறையக் குழந்தைத் துணி.

தங்கையைக் கண்டதும் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். இந்தக் கை. அந்தக் கை.

“என்ன, கையை வீசிக்கிட்டு வந்திருக்க?”

வழியெல்லாம் தவமணி ஒரு பதில் தயார் செய்துகொண்டுதான் வந்தாள். டீச்சர் சொன்னது, வெந்நீர், கனல், எல்லாம் அதில் இருந்தது.

வாளியின் கனத்தில் அக்காவின் தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் சோப்பு தின்று வெடித்திருந்தது.

தவமணி கிட்டப் போனாள்.

“அந்த வாளியை இப்படிக் குடுக்கா.”